பாவம்யா அந்த ப்ராசஸர், விட்டுடுங்க!

பொட்டி தட்டுற வேலைக்குப் போறவனுக்கு ஊர் உலகம் சேர்த்துக் கொடுத்திருக்கிற இன்னொரு உத்தியோகம், இலவச லேப்டாப் டாக்டர். பெரியப்பா கேட்கிறார், கூடப் படிச்சவன் கேட்கிறான், மாடி வீட்டு அக்கா கேட்கிறாங்க. ஆள்தான் மாறுது, கேள்வி மாறுறதே இல்லை: "லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா. ப்ராசஸரை மாத்திடலாமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?"

கவனிச்சீங்களா மக்களே? வியாதி என்னன்னு யாரும் கேட்கலை. ப்ராசஸர்தான் குத்தவாளின்னு தீர்ப்பை எழுதி முடிச்சுட்டு, தூக்கா ஆயுளா என்பதை மட்டும் நம்மகிட்ட கேட்கிறாங்க. இந்தத் தீர்ப்பை எழுதிக் கொடுத்தது யாருன்னு பார்த்தா, பொட்டி விக்கிறவர், பொட்டிக்கு விமர்சனம் பண்றவர், பொட்டி மேல ஸ்டிக்கர் ஒட்டுறவர். அதாவது, புதுப் பொட்டி வித்தா யாருக்கெல்லாம் காசோ அவங்க எல்லாரும்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். வீட்டுல பாட்டுக் கேட்க, படிக்க, மெயில் பார்க்க, காலேஜ் ப்ராஜெக்ட் செய்யன்னு வெச்சிருக்கிற பழைய லேப்டாப்புகள்ல பெரும்பாலும் ப்ராசஸர் நிரபராதி. அதைக் குத்தவாளியாக்குறதே ஒரு வியாபாரம். அதைவிடக் கொடுமை, நிஜமாவே ப்ராசஸரை மாத்த ஆசைப்படுறவனுக்கு இருந்த வழியையும் அதே வியாபாரம்தான் சிமெண்ட் வெச்சுப் பூசிடுச்சு. ரெண்டையும் இங்க பிரிச்சு மேயப் போறேன். கொஞ்சம் நீளம்தான், காபி எடுத்துக்கிட்டு வாங்க :-)



முதல்ல நிரபராதி கதை.

பழைய லேப்டாப்ல டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. ப்ராசஸர் 10, 15 சதவீதத்துல ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும். பக்கத்துலயே டிஸ்க் 100 சதவீதம்னு சிவந்து போய் மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும். கண்ணுக்கு முன்னாடி சாட்சி இருக்கு, ஆனா திட்டு வாங்குறது ப்ராசஸர்!

அந்த டிஸ்க் கணக்கையும் போட்டுடுவோம். லேப்டாப்புகள்ல வந்த சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்தும். ஒரு சுத்துக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழ வந்து சேர சராசரியா அரைச் சுத்து, அதாவது 5.5 மில்லி விநாடி. ஊசி சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய ஒரு 12 மில்லி விநாடி. ஆக, அங்கங்க சிதறிக் கிடக்கிற ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் சுமார் 17 மில்லி விநாடி காத்திருப்பு. 2.5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் அந்த நேரத்துல 4 கோடிக்கும் மேல துடிச்சிருக்கும். ஒரு துடிப்பை ஒரு விநாடின்னு வெச்சுக்கிட்டா, ஒரே ஒரு துண்டுக்காக அது ஒரு வருஷமும் நாலு மாசமும் வாசல்ல உட்கார்ந்திருக்கு. அதே தகவலை எஸ்எஸ்டி சுமார் 0.1 மில்லி விநாடியில கொடுத்துடும். நம்ம கணக்குல மூணு நாள்.

வருஷக் கணக்கா வாசல்ல உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து "நீ ரொம்ப மெதுவா வேலை செய்யுறே"ன்னு சொன்னா என்னய்யா நியாயம்?

இன்ஜினியரிங் படிச்சவங்களுக்கு ஆம்டால் விதி ஞாபகம் இருக்கும். ஐபிஎம்ல இருந்த ஜீன் ஆம்டால் 1967ல சொன்னது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டோம், ஆனா அது அம்மி அரைக்கிறவங்களுக்கே தெரிஞ்ச சங்கதிதான். மொத்த நேரத்துல எது அதிகமா தின்னுதோ அதைக் குறைச்சாத்தான் பலன். ஒரு பேச்சுக்கு, லேப்டாப் கிளம்ப 60 விநாடி ஆகுது, அதுல 48 விநாடி டிஸ்க்குக்காகக் காத்திருப்பு, 12 விநாடிதான் ப்ராசஸர் வேலைன்னு வெச்சுக்குங்க. 25 சதவீதம் வேகமான ப்ராசஸர் போட்டா 12 என்பது 9.6 ஆகும். மொத்தம் 57.6 விநாடி. வித்தியாசம் தெரிய ஸ்டாப் வாட்ச் வேணும். டிஸ்க்கை மாத்தி அந்த 48ஐ பத்துல ஒரு பங்கா ஆக்கினா மொத்தம் 16.8. இதுக்கு ஸ்டாப் வாட்ச் வேண்டாம், வீட்டுல இருக்கிற பாட்டிக்கே தெரியும்.

இதே மாதிரிதான் ரேமும். 4 ஜிபி வெச்சுக்கிட்டு உலாவியில இருபது பக்கம் திறந்தா, இடம் பத்தாம பொட்டி ரேம்ல இருக்கிறதை டிஸ்க்குக்கு இறக்கி இறக்கி ஏத்தும். மறுபடி அதே வாசல், அதே காத்திருப்பு. மூணாவது குத்தவாளி, தூசி. நாலு வருஷமா திறக்காத ஃபேன்ல தூசி மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும், ப்ராசஸர் மேல தடவின பேஸ்ட் காய்ஞ்சு போயிருக்கும். சூடு 100 டிகிரியை நெருங்கினதும் ப்ராசஸர் உயிர் பிழைக்க வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அந்த நிலைமையில அதைவிடப் பெரிய ப்ராசஸர் போட்டா அதுவும் அதே அடுப்புல வேகும், அவ்வளவுதான்.

இதுல ஒரு தகப்பனோட காசு எப்படிப் போகப் பார்த்துச்சுன்னு சொல்றேன். எங்க தெருவுல தையல் கடை வெச்சிருக்கிற அண்ணன், பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம். 2017ல வாங்கின ஏழாம் தலைமுறை ஐ5 லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். ஒரு கடையில காட்டியிருக்கார். திறந்துகூடப் பார்க்காம "ப்ராசஸர் அவுட்டேட்டட் சார், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க, இஎம்ஐ இருக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. அண்ணன் வட்டிக்கு வாங்க ஆள் பார்க்க ஆரம்பிச்சுட்டார். நாங்க பண்ணினது ஒரு எஸ்எஸ்டி, காலியா இருந்த ஸ்லாட்ல ஒரு செகண்ட் ஹேண்ட் 4 ஜிபி ரேம், ஃபேனுக்கு ஒரு பிரஷ், புது பேஸ்ட். புதுப் பொட்டி விலையில பத்துல ஒரு பங்குகூட ஆகலை. பொண்ணு இப்ப அதுலதான் ப்ராஜெக்ட் செய்யுது. கடைக்காரரைக் கேட்டா "நான் பொய் சொல்லலையே, பழைய ப்ராசஸர்தானே?"ன்னு சொல்வார். ஆமாம் சாமி, பழசுதான். நானும் நீங்களும்கூடப் பழசுதான். தூக்கிப் போட்டுடலாமா?



சரி, "எனக்கு நிஜமாவே ப்ராசஸர்தான் பத்தலை, வீடியோ எடிட் பண்றேன், நாள் முழுக்க கம்பைல் பண்றேன்"னு சிலர் சொல்றது கேட்குது. நியாயம். ப்ராசஸர் தொடர்ந்து 100 சதவீதத்துல இருக்கு, டிஸ்க் சும்மா இருக்கு, சூடும் எல்லை தாண்டலைன்னா அது உண்மையான கேஸ்தான். மாத்துங்க. எப்படி மாத்துவீங்க? இங்கதான் ரெண்டாவது கதை.

ஒரு காலத்துல மாத்த முடிஞ்சது. 2007ல வந்த திங்க்பேட் டி61ஐ எடுத்துக்குங்க. கீபோர்டைக் கழட்டி, ஃபேனைத் தூக்கி, சாக்கெட் ஓரத்துல இருக்கிற ஒரு திருகைத் திருப்பினா ப்ராசஸர் கையோட வந்துடும். 1.8 கிகாஹெர்ட்ஸ் டி7100ஐ எடுத்துட்டு, 2.5 கிகாஹெர்ட்ஸ், 6 எம்பி கேஷ் இருக்கிற டி9300ஐ உட்கார வைக்கலாம். பயாஸை மட்டும் புதுசாக்கிக்கணும். ரெண்டுமே 35 வாட், அதனால ஃபேனுக்கும் கூடுதல் சுமை இல்லை. 2012ல வந்த டி430ல ரெண்டு கோர் ஐ5-3320எம்மைக் கழட்டிட்டு நாலு கோர் ஐ7-3632க்யூஎம் போட்டவங்க ஏராளம். அதுவும் 35 வாட்டுக்கு 35 வாட்தான்.

2013ல வந்த நாலாம் தலைமுறை ஹாஸ்வெல்தான் இந்தப் பரம்பரையோட கடைசி வாரிசு. அதுலயும் பெயர் கடைசியில எம், எம்க்யூன்னு முடிஞ்சா சாக்கெட். யூ, ஹெச்க்யூன்னு முடிஞ்சா போர்டோட சாலிடர். 2015ல அஞ்சாம் தலைமுறை பிராட்வெல் வந்தப்ப இன்டெல் லேப்டாப் சாக்கெட்டுக்கு மங்களம் பாடியாச்சு. ஏஎம்டியும் அதே பாதையில போயாச்சு. டெஸ்க்டாப் ப்ராசஸரையே உள்ள திணிச்ச சில செங்கல் சைஸ் லேப்டாப்புகளைத் தவிர, அதுக்கப்புறம் வந்த பொட்டிகள்ல "ப்ராசஸரை மாத்தலாமா?"ங்கிற கேள்விக்கே அர்த்தம் இல்லை. ரிச்சி தெருவுல சிப் லெவல் சர்வீஸ் பண்ற கில்லாடிகள் சூடு காட்டிப் பிடுங்கி வேற சிப்பை ஒட்டலாம். ஆனா அந்தச் சிப்பை பயாஸ் ஏத்துக்கணும், போர்டு தாங்கணும், அதுக்கான செலவும் ரிஸ்க்கும் மதர்போர்டையே மாத்துறதைவிடக் கேவலமா இருக்கும்.

ப்ராசஸரோட நின்னாங்களா? இல்லை. 2012ல ரெட்டினா மேக்புக் ப்ரோவுல ரேமை போர்டோட ஒட்டினப்ப "அட, ஆப்பிள்தானே"ன்னு சிரிச்சோம். அப்புறம் ஒல்லி லேப்டாப் விக்கிற எல்லாரும் அதைப் பார்த்துக் காப்பியடிச்சாங்க. 2020ல ஆப்பிள் எம்1ல ரேம் ப்ராசஸர் பேக்கேஜுக்குள்ளயே போயிடுச்சு. 2024ல இன்டெல் லூனார் லேக்கும் அதையே செஞ்சது, 16 இல்ல 32 ஜிபி, வாங்குற அன்னிக்கே முடிவு பண்ணிக்கோ. 2025 கடைசியில ரேம் விலை தாறுமாறா ஏறினப்ப பாருங்க, ஸ்லாட் இருக்கிறவன் பழைய ரேமைத் தேடி அலைஞ்சாவது பிழைச்சான். ஒட்டின பொட்டிக்காரனுக்கு அந்த அலைச்சல்கூட இல்லை, ஏன்னா அவனுக்கு வழியே இல்லை.

"ஒல்லியா வேணும்னு நீங்கதானே கேட்டீங்க?"ன்னு கம்பெனிகள் சொல்லும். ஒல்லியா கேட்டோம், சரி. ஒட்டித் தாங்கன்னு யாருய்யா கேட்டது? லேப்டாப்போட ரேம் வேகமாவும் கரண்ட் கம்மியாவும் இருக்கணும்னா ஒட்டித்தான் ஆகணும்னு ரொம்ப நாள் பாடம் நடத்தினாங்க. 2023 டிசம்பர்ல கேம்2 என்ற தரம் வந்தது. 2024ல திங்க்பேட் பி1ல அதே எல்பிடிடிஆர் ரேம் கழட்டி மாட்டுற அட்டையா வந்தது. முடியாதுன்னு சொன்னது முடிஞ்சுதே? 2021ல இருந்து ஃப்ரேம்வொர்க் கம்பெனி விக்கிற 13 அங்குல லேப்டாப்புல பதினொண்ணாம் தலைமுறை இன்டெல் போர்டைக் கழட்டிட்டு 2023ல வந்த ரைசன் போர்டை அதே கூட்டுல மாட்டலாம். கழட்டின பழைய போர்டு தனிக் கம்ப்யூட்டரா ஓடும். ஆக, தடை பௌதிக விதியில இல்லை, மனசுலதான்.



அடுத்து ஸ்டிக்கர் மோசடி. மோசடின்னா சட்டப்படி குத்தம்னு சொல்லலை, நான் கேஸ் வாங்கத் தயாரா இல்லை :-) ஆனா இதைப் பாருங்க.

ஐ7-7500யூன்னு ஒண்ணு, ரெண்டே கோர். அடுத்த தலைமுறை ஐ5-8250யூ, நாலு கோர். "ஐ7 எப்பவும் ஐ5ஐவிட மேல"ன்னு நம்பி வாங்கினவன் நெத்தியில நாமம். ரைசன் 5 7520யூ 2022ல வந்த புது 7000 வரிசை. உள்ள இருக்கிறது 2019ல வந்த ஜென் 2 வடிவமைப்பு. அந்த எண்ணுல மூணாவது இலக்கம்தான் நிஜத் தலைமுறை, முதல் இலக்கம் வெறும் வருஷக் கணக்கு! காய்கறிக் கடையில நேத்து கத்திரிக்காயை இன்னிக்குத் தேதி போட்டு வித்தா சண்டைக்குப் போறோம். 2024ல இன்டெல் "கோர் 7 150யூ"ன்னு பெயரை மாத்தி விட்டது, உள்ள பதிமூணாம் தலைமுறையில பார்த்த அதே ராப்டர் லேக். நம்ம வீட்டுப் பழைய ப்ராசஸர் மட்டும்தான் "பழசு". கடையில இருந்தா அதுக்குப் பேரு "புது வரிசை".



இப்ப எல்லாத்துக்கும் மேல ஒரு ஆப்பு. 2021 அக்டோபர்ல விண்டோஸ் 11 வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது: இன்டெல்னா எட்டாம் தலைமுறையில இருந்து, ரைசன்னா 2000 வரிசையில இருந்து, டிபிஎம் 2.0 கண்டிப்பா வேணும். வேகம் பத்தலைன்னு தள்ளினாங்கன்னா ஒத்துக்கலாம். ஆனா நாலு கோர், எட்டு திரெட், 45 வாட் ஐ7-7700ஹெச்க்யூ அந்தப் பட்டியல்ல இல்லை. ரெண்டு கோர், 6 வாட் செலரான் என்4000 இருக்கு! பந்தயத்துல குதிரையை நிறுத்திட்டு ஆமைக்கு டோக்கன் கொடுத்த கதை.

பாதுகாப்புக்காகன்னு மைக்ரோசாஃப்ட் சொன்னது. பாதுகாப்பு முக்கியம், நான் அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா டிபிஎம் 2.0 பல ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள்லயும் இருக்கு. இன்னொண்ணு, ஏழாம் தலைமுறை லேப்டாப் ப்ராசஸர்கள்ல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தாங்க, ஐ7-7820ஹெச்க்யூ. அது எந்தப் பொட்டிக்குள்ள இருந்ததுன்னு தெரியுமா? 2018ல மைக்ரோசாஃப்ட் தானே வித்த சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2. தன் புள்ளைக்கு மட்டும் பாஸ் மார்க் போட்ட வாத்தியார்!

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சது. வீட்டு உபயோகக்காரங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிச்சு அறிவிச்சாங்க. அதாவது தூக்குத் தேதியை ஒரு வருஷம் தள்ளி வெச்சாங்க. இந்த இடத்துலதான் "ப்ராசஸரை அப்கிரேடு பண்ணணுமா?" என்ற கேள்வியோட நிறம் மாறுது. முன்னாடி அது நம்ம தேவையைப் பத்தின கேள்வி. இப்ப அது யாரோ ஒருத்தர் எழுதின பட்டியலைப் பத்தின கேள்வி. நல்லா ஓடுற பொட்டி, நம்ம காசுல வாங்கின பொட்டி, ஆனா அதோட ஆயுள் ரேகை வேற யார் கையிலயோ இருக்கு.

அதுக்கு ப்ராசஸரை மாத்தவும் முடியாது, ஒட்டியாச்சு. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாருங்க மக்களே. ஒருத்தர் மாத்த முடியாதபடி ஒட்டுறார், இன்னொருத்தர் மாத்தினாத்தான் உள்ள விடுவேங்கிறார். நடுவுல நாம இஎம்ஐ கட்டுறோம்.



"பழைய பொட்டி கரண்ட் குடிக்கும்"னு ஒரு வாதம் வரும். கணக்குப் போட்டுடுவோம். 35 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் வித்தியாசம் 20 வாட். தினம் 6 மணி நேரம் முழு வேகத்துல, வருஷத்துல 300 நாள் ஓடினாலும் 36 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய்னே வெச்சாலும் 288 ரூபாய். இதை மிச்சம் பிடிக்க நாற்பதாயிரம் செலவு பண்ணணுமாம்! சுற்றுச்சூழல் பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு லேப்டாப் தன் வாழ்நாள்ல வெளியிட வைக்கிற கரியில பெரும்பகுதி, அது தொழிற்சாலையை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே வெளியாகிடுது. ஓடுற பொட்டியை இன்னும் மூணு வருஷம் ஓட்டுறதைவிடப் பெரிய பசுமைப் புரட்சி இல்லை.

அப்ப என்னதான் பண்ணணும்கிறீங்களா? சுருக்கமா:

1. மெதுவா இருக்கிற அந்த நேரத்துல டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது 100ல நிக்குதுன்னு பாருங்க. அதைப் பார்க்காம ஒரு ரூபாய்கூட எடுக்காதீங்க.

2. டிஸ்க்னா எஸ்எஸ்டி. ரேம்னா ஸ்லாட் இருக்கான்னு பார்த்து ரேம். சூடுன்னா பிரஷ்ஷும் பேஸ்ட்டும்.

3. இது மூணும் இல்ல, ப்ராசஸரேதான்னா, பொட்டி எந்த வருஷத்ததுன்னு பாருங்க. நாலாம் தலைமுறையோ அதுக்கு முந்தியோ, சாக்கெட்டும் இருந்தா, அதே சாக்கெட், பயாஸ் ஆதரவு, அதே வாட், மூணும் பொருந்துற செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் மலிவாக் கிடைச்சா மட்டும் போடுங்க. புது லேப்டாப் விலையில கால்வாசியைத் தொட்டா விட்டுடுங்க.

4. அதுக்கப்புறம் வந்த பொட்டின்னா, ப்ராசஸர் மாத்துற பேச்சையே எடுக்காதீங்க. உங்க வேலைக்கே அந்த ப்ராசஸர் பத்தலைன்னா புதுசு வாங்குறது தப்பே இல்லை.

5. விண்டோஸ் பட்டியல்தான் பிரச்சினைன்னா லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. உலாவி, லிப்ரே ஆபீஸ், வீடியோ எல்லாம் ஓடும், தமிழ்99லயும் தட்டச்சலாம். டேலியில கணக்கு எழுதுறவருக்கு இது சரிப்படாது, அவருக்கு விண்டோஸ் வேணும். மத்தவங்களுக்கு ஒரு சனிக்கிழமை போதும்.

6. புதுசு வாங்கும்போது கடைக்காரர்கிட்ட ஐ5ஆ ஐ7ஆன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "ரேம் ஸ்லாட் இருக்கா? டிஸ்க் கழட்ட முடியுமா? பேட்டரி எத்தனை திருகுல வரும்?"னு கேளுங்க. அவர் முழிப்பார். முழிக்கட்டும். பத்து பேர் கேட்டா பதினொண்ணாவது ஆளுக்குப் பதில் தயாரா இருக்கும்.

இந்த ஆறாவதுதான் முக்கியம். பிரான்ஸ்ல 2021 ஜனவரியில இருந்து லேப்டாப் விக்கிறவங்க, இது எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுக் காட்டணும்னு சட்டம் வந்தது. நம்ம நாட்டுலயும் 2022ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்குக் குழு போட்டு, டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. நல்ல விஷயம். ஆனா கடையில விலைச் சீட்டுக்குப் பக்கத்துல அந்த மதிப்பெண் கண்ணுல படணும். ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் பார்த்து வாங்கப் பழகின நம்ம அம்மாக்களுக்கு லேப்டாப்புக்குத் திருகு பார்த்து வாங்கவும் தெரியும், எழுதி ஒட்டினா போதும்.

ப்ராசஸரை மாத்தணுமா வேண்டாமாங்கிறது பொட்டியோட சொந்தக்காரன் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை சாலிடர் வெச்சும், பட்டியல் போட்டும், ஸ்டிக்கர் ஒட்டியும் நம்ம கையில இருந்து பிடுங்கிட்டாங்க. திருப்பிக் கேட்கிறதுக்கு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் வாயும் இருந்தா போதும்.

டிஸ்கி 1: "மேக் வாங்கினா இந்தத் தொல்லையே இல்லை"ன்னு பின்னூட்டம் போட வர்ற நண்பர்கள், ரேம் பத்தி மேல எழுதின பத்தியை இன்னொரு தடவை படிச்சுட்டு வரவும்.

டிஸ்கி 2: வீட்டுல பரண்ல தூங்குற பழைய லேப்டாப் இருந்தா, அதோட ப்ராசஸர் எண்ணையும் ரேம் எவ்வளவுங்கிறதையும் பின்னூட்டத்துல சொல்லுங்க. என்ன பண்ணலாம்னு எல்லாருமா சேர்ந்து பார்ப்போம். கும்முறதுன்னா அதுக்கப்புறம் கும்முங்க :-)